காலை பத்து மணி, உத்தேசமாக

ஸ்னூக்கர் ஆடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. குச்சியைப் பிடித்துக் குனிந்து வெள்ளைப் பந்தை அடித்தால் அது போய் இன்னொரு பந்தை அடிக்கும். அந்தப் பந்து பையில் விழுந்தால் உங்கள் சமர்த்து, விழாவிட்டால் மேஜை சரியில்லை. இவ்வளவுதான் ஆட்டம். ஆட ஆரம்பிப்பதுதான் சாதாரண மனிதனால் ஆகிற காரியம் இல்லை. அதனால்தான் அந்தப் பொறுப்பை எங்கள் ஊர் ஸ்னூக்கர் சங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் கட்டி அனுப்புவேன். ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் சிரிக்கிறார்கள். சங்கத்தில் எனக்குப் பெயரே 'பல்லு'. இத்தனை வருஷமாக முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுகிற அந்தப் பல்லு, இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்குத் தேறிவிட்டான். அரையிறுதியில் கறுப்புப் பந்து பையின் விளிம்பில் நின்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, போனால் போகிறதென்று எனக்காக விழுந்தது.

இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம்தான் என் மகளுக்கு ரயில். நர்ஸ் படிப்பு முடித்தவள், கடல் கடந்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஆறு மணி வண்டியைப் பிடித்துப் பெரிய ஊருக்குப் போய் அங்கிருந்து விமானம். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றதும் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"பந்து எங்கேயும் ஓடிப்போயிடாது. பொண்ணு போறா," என்றாள் என் மனைவி.

"அம்மா, ஆட்டம் காலைல பத்து மணிக்கு. எப்படி இழுத்தாலும் ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிடும். அப்பா கப்போட வரட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு நான் கிளம்பறேன்," என்றாள் மகள்.

நியாயமான கணக்கு. அந்தக் கணக்கில் சங்கத்தை மட்டும் அவள் சேர்க்கவில்லை. பாவம், சின்னப் பெண்.

நான் முன்னதாகவே போய்விட்டேன். கழுத்தில் பட்டாம்பூச்சி டை, கையில் குச்சிப் பெட்டி. ஹாலில் பச்சை மேஜை, அதற்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு, சுவரில் பெரிய கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பை. வாசலிலேயே செயலாளர் என் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்தினார். 'இறுதி ஆட்டக்காரர்' என்று போட்டிருந்தது. பேட்ஜ் குத்திக்கொண்டவர் ஆட்டம் முடியும்வரை வெளியே போகக் கூடாது என்பது விதி. அதைக் குத்திய பிறகுதான் சொன்னார்.

"பத்து மணிக்குத்தானே சார்?" என்றேன்.

"சரியா பத்து மணிக்கு. அதுல இம்மிகூட மாற்றம் கிடையாது."

"பத்து மணிக்கு ஆட்டம்."

"பத்து மணிக்கு நேர அறிவிப்பு. ஆட்டம் எத்தனை மணிக்குங்கிறதைப் பத்து மணிக்கு அறிவிப்போம். போர்டைப் பாக்கலியா?"

பார்த்தேன். 'இறுதி ஆட்டம், காலை 10 மணி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே எறும்பு அளவில் 'உத்தேசமாக' என்று போட்டிருந்தார்கள். செயலாளர் கெட்டிக்காரர். கண்ணாடி போட்டவர்கள் நிறையப் பேர் வருகிற இடத்தில் எழுத்தின் அளவை எப்படி வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

பத்து மணிக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். பெரிய மனிதர். மைக்கைப் பிடித்தால் அவருக்குத் தனித் தமிழ் வந்துவிடும்.

"பெருமக்களே! நமது சங்கத்தின் இறுதி ஆட்டம் இதுவரை ஒருமுறைகூடத் தாமதமாகத் தொடங்கியதில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். தாமதமாகும்போல் தெரிந்தால் உடனே நேரத்தை மாற்றிவிடுகிறோம். பிறகு எங்கிருந்து வரும் தாமதம்? சில சங்கங்கள் இருக்கின்றன. நேரத்தைக் குறிப்பார்கள், அந்த நேரத்துக்கே தொடங்கியும்விடுவார்கள். கேட்கிறேன், அப்புறம் அந்தச் சங்கத்துக்கு என்ன வேலை?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அறிவிப்பு என்னவென்றால், தொடக்க நேரத்தை நேர நிர்ணயக் குழு கூடி முடிவு செய்யும் என்பதுதான். அந்தக் குழுவுக்குள் மூன்று குழு. காலையில்தான் ஆட்டக்காரனின் கை நடுங்காது என்பது காலைக் குழுவின் கட்சி. மாலையில்தான் டிவியில் பார்க்க ஆள் இருக்கும் என்பது மாலைக் குழுவின் கட்சி. இரண்டுக்கும் நடுவே சமரசம் பேசுவதற்கு மதியக் குழு. மதியக் குழுவில் இருக்கிறவர்கள் எல்லாம் மதியம் படுத்துத் தூங்குகிறவர்கள். அவர்களால் கூட்டம் போட முடிவது காலையிலோ மாலையிலோதான், அந்த இரண்டு நேரத்திலும் அறை மற்ற குழுக்களிடம் இருக்கும். ஆகவே சமரசம் இதுவரை பேசப்படவில்லை.

என்னோடு ஆட வேண்டியவர் ஐஸ் கம்பெனியில் மேனேஜர். எல்லோரும் அவரை 'ஐஸ்' என்றே கூப்பிடுவார்கள். மேஜையில் தலைபோகிற காரியம் நடந்தாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர் ஒரு தலையணை, ரப்பர் செருப்பு, பெரிய பிளாஸ்க் சகிதமாக வந்து, மூலையில் இருந்த சோபாவில் சௌகரியமாகக் காலை நீட்டினார்.

"என்ன ஐஸ், தலையணையெல்லாம்?"

"உங்களுக்கு முதல் பைனலா?"

"ஆமா."

"அதான்," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

குழு கூடிய அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பதினொன்றரைக்கு என்றார்கள். பதினொன்றரை நெருங்கியதும் பன்னிரண்டே கால் என்றார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நிதானமாக முடிவெடுக்க முடியவில்லை என்று மாலைக் குழு புகார் செய்தது. வெளியே வந்த செயலாளர் நாற்காலியைப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார் இது?"

"முடிவு வர்ற வரைக்கும் நேரம் போகக் கூடாதுன்னு தீர்மானம். உங்க வாட்சைக் குடுங்க. ஒரே ஹால்ல ரெண்டு நேரம் இருந்தா குழப்பம்."

வாட்சைக் கொடுத்தேன். செல்போனையும் கேட்டார். அதுவும் மணி காட்டுமாம். அதையும் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். அவள் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். பட்டாம்பூச்சி டை கட்டின ஒருவர் கையை நீட்டினால், நாமும் பட்டாம்பூச்சி டை கட்டியிருக்கிறபோது, கொடுத்துவிடத்தான் தோன்றுகிறது.

பிறகு தொடக்க ஒத்திகை என்று ஒன்று வந்தது. ஆட்டம் எப்போது என்று தெரியாவிட்டாலும், தெரிகிறபோது கச்சிதமாக ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? நடுவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கினார். தலைவர் கத்தரிக்கோலால் காற்றில் ரிப்பன் வெட்டினார். செயலாளர் எனக்குப் பாடம் நடத்தினார்.

"நீங்க குனியறீங்க. குச்சியை முன்னும் பின்னும் ஆட்டறீங்க. வெள்ளைப் பந்தைத் தொடப் போற சமயத்துல அப்படியே நிறுத்திடறீங்க. புரியுதா? தொடக் கூடாது. ஒத்திகை."

குனிந்தேன், ஆட்டினேன், நிறுத்தினேன். நடுவர் பந்துகளை எடுத்தார், மறுபடி அடுக்கினார். தலைவருக்குக் கத்தரிக்கோல் பிடித்த விதம் திருப்தியாக இல்லை. மறுபடி குனிந்தேன், நிறுத்தினேன். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. எத்தனாவது தடவையோ, எனக்குள் என்னவோ ஒன்று அறுந்தது. அடித்துவிட்டேன்.

அடடா, அந்தச் சத்தம்! என் வாழ்நாளில் நான் அப்படி அடித்ததில்லை. சிவப்பெல்லாம் சிதறி ஓட, ஒன்று நேராக மூலைப் பைக்குள் போய் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ஐஸ் மட்டும் சோபாவில் எழுந்து உட்கார்ந்து, "நல்ல அடி," என்றார்.

"பந்து விழுந்துடுச்சு சார்," என்றார் நடுவர், தலைவரைப் பார்த்து.

"எப்படிய்யா விழும்? ஆட்டம் ஆரம்பிக்காதப்ப பந்து எப்படி விழும்? எடுத்து வைங்க."

உடனே ஒரு விசாரணைக் குழு அமைந்தது. செயலாளர்தான் விசாரித்தார்.

"எத்தனை மணிக்கு அடிச்சீங்க?"

"எனக்கெப்படி சார் தெரியும்? பேட்டரி உங்க பையில இருக்கு."

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைவரோடு குசுகுசுவென்று பேசினார். நேரம் தெரியாமல் நடந்த எதுவும் சங்கத்தைப் பொறுத்தவரை நடக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. என் வாழ்நாளின் மிகச் சிறந்த அடி அப்படியாகத் துடைத்து எறியப்பட்டது. மேஜைக்கு மட்டும் அடி பட்டிருப்பதால் பச்சைத் துணியைத் தேய்த்து இஸ்திரி போட வேண்டும் என்றார்கள். இஸ்திரிப் பெட்டி சூடாகிற வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

நான் ஐஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போன வருஷமும் நீங்க பைனலுக்கு வந்தீங்கல்ல?" என்றேன். "ஜெயிச்சீங்களா?"

"அது இன்னும் ஆரம்பிக்கலையே. நேரம் பரிசீலனைல இருக்கு."

"என்னது? அப்ப உங்ககூட ஆட வேண்டியவர்?"

"அதோ, மாலைக் குழுத் தலைவர். காத்திருந்து காத்திருந்து குழுவுலயே சேர்ந்துட்டார். இப்ப நல்லா இருக்கார். சதை போட்டிருக்கார், பாருங்க."

எழுந்து போய்க் கோப்பையைப் பார்த்தேன். வருஷங்களை வரிசையாகப் பொறித்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் பக்கத்தில் ஜெயித்தவர் பெயருக்கு விட்ட இடம் காலியாக, பளபளவென்று இருந்தது.

அந்தச் சமயத்தில் செயலாளர் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. எனக்குத்தான். மகள்.

"அப்பா, உன் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிக்கப் போகுதும்மா."

"எப்ப?"

"மணி என்னம்மா இப்ப?" என்றேன்.

செயலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நான் எதையும் கேக்கலை," என்றார்.

"அஞ்சு ஆகப்போகுதுப்பா. நாங்க கிளம்பணும். நீ ஆடிட்டு நேரா ஸ்டேஷனுக்கு வந்துடு. முடியலேன்னா பரவாயில்லப்பா. போன்ல பேசிக்கலாம்."

பரவாயில்லை என்று அவள் சொன்ன குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்டு வலிக்கவே இல்லை என்று சொல்வாளே, அதே குரல். நான் போனை வைத்தேன். இத்தனை நேரம் நான் ஏன் எழுந்து போகவில்லை? விதி, பேட்ஜ் என்று சொல்லலாம். உண்மை அது இல்லை. எனக்கு ஆசை. ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், கோப்பையோடு அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆசைதான் என்னைக் கட்டிப்போட்டிருந்தது, சங்கம் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆசையை விட்டுத் தொலைத்தேன்.

"சார், நான் தோத்துட்டேன். ஐஸ் ஜெயிச்சிட்டார். என்னை விட்டுடுங்க," என்றேன்.

செயலாளருக்கு என் மேல் இரக்கமே வந்துவிட்டது. "ஆரம்பிக்காத ஆட்டத்துல எப்படிங்க தோக்க முடியும்? தோக்கறதுக்கும் ஒரு முறை இருக்கில்ல?"

"சரி, ஆட்டத்துல இருந்து விலகிக்கிறேன்."

"தாராளமா. தொடக்க நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லணும், அவ்வளவுதான்."

"தொடக்க நேரம் எப்ப?"

"அதான் பேசிட்டிருக்காங்களே."

"சார், எம் பொண்ணு ஊரை விட்டுப் போறா சார். ஆறு மணி ரயில்."

தலைவர் இதைக் கேட்டுவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

"பார்த்தீங்களா? ரயில்வேக்காரன் ஒரு நேரம் குறிச்சான். அதனால ஒரு குடும்பமே பதறுது. அதுக்குத்தான் நாங்க குறிக்கிறதில்லை. எங்களால இதுவரைக்கும் ஒருத்தராவது பதறி ஓடி வந்திருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. கதவில் காவலுக்கு நின்ற ஆள் என் பேட்ஜைப் பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினான். அவனைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை, வளர்ப்பும் இடம் தரவில்லை. ஆனாலும் குச்சிப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். என்ன ஆனாலும் சரி, கிளம்புவது என்று முடிவு. ஒரு இடத்தை விட்டுக் கிளம்புகிறபோது 'போகிறேன்' என்று நம்மில் யார் சொல்கிறோம்? என் வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அப்ப நான் வரேன்."

சட்டென்று செயலாளர் தலையைத் தூக்கினார்.

"என்ன சொன்னீங்க?"

"வரேன்னு சொன்னேன்."

"வரேன்னா..." அவர் கண் விரிந்தது. "தலைவரே! வரேங்கிறார்! வரேன்னா இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்?"

மூன்று குழுவும் அறையை விட்டு ஓடி வந்தன. சங்கத்தின் சரித்திரத்தில் மூன்றும் ஒன்றாக நின்றது அன்றுதான் என்று நினைக்கிறேன். இன்னும் வராத ஆட்டக்காரருக்காக எப்படி நேரம் குறிப்பது என்று காலைக் குழு கேட்டது. அதுதானே என்றது மாலைக் குழு. மதியக் குழுவில் ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஆமோதித்தார். தலைவர் மைக்கை வாங்கினார்.

"பெருமக்களே! தொடக்க நேரம் ஏன் முடிவாகவில்லை என்பதற்கு இன்று காரணம் கிடைத்துவிட்டது. ஆட்டக்காரர் வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்து சேரும்வரை பொறுமை காப்பது நமது கடமை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வராதவன் கையை இத்தனை பாசமாக யாரும் குலுக்கியிருக்க மாட்டார்கள். செயலாளர் பேட்ஜைக் கழற்றிக்கொண்டார். காவலாளி கையை எடுத்தான். உள்ளே வராதவனை வெளியே விடாமல் எப்படித் தடுப்பது?

"என் வாட்ச்? போன்?"

"நீங்க வந்தப்புறம்தானே எங்ககிட்ட குடுக்கணும்? வாங்க முதல்ல," என்றார் செயலாளர்.

ஐஸ் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "சீக்கிரம் ஓடுங்க பல்லு. கூட்டம் போட்டு, நீங்க வந்துட்டீங்கன்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க."

ஓடினேன். மணி என்ன என்று தெரியாமல் ஓடுவது இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். டை கட்டிக்கொண்டு பெட்டியோடு ஓடி வருகிறவனைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் நிறுத்தவில்லை. எதிரே வந்தவர்களிடம் மணி கேட்டேன். ஒருவர் அஞ்சே முக்கால் என்றார், இன்னொருவர் ஆறாகிவிட்டது என்றார். இருவரையும் திட்டிக்கொண்டே ஓடினேன். சங்கத்தின் பதிவேட்டில் இன்றைய தேதி வரைக்கும் நான் அந்த ஹாலை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று கேள்வி.

எங்கள் ஊர் ரயில் ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அன்றைக்கென்று பார்த்து அந்தச் சனியன் நேரத்துக்கு நின்றது, நேரத்துக்கு ஊதியது. நான் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கதவருகே நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி வண்டியோடு கூடவே நடந்துகொண்டிருந்தாள், இரண்டு பேருக்கும் முகமெல்லாம் ஈரம்.

"அப்பா! ஜெயிச்சியா?"

"அதை விடும்மா!" என்று அவள் கையைப் பிடித்தேன். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக வெளியே போகாதே, ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் போட்டதைப் போட்டபடி வந்துவிடு. வாயைத் திறந்தால் மூச்சுத்தான் வாங்கியது. ரயில் வேகம் பிடித்துக் கையை இழுத்தது.

"வரேன்பா," என்றாள்.

எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அது என் நெஞ்சில் போய்ச் சுருக்கென்று குத்தியது.

"எப்பம்மா?" என்று கத்தினேன்.

"தெரியலப்பா! லீவை அங்க போனப்புறம்தான் முடிவு பண்ணுவாங்களாம்!"

கை நழுவியது. நான் விடாமல் ஓடினேன்.

"உத்தேசமாவாவது சொல்லிட்டுப் போம்மா! உத்தேசமா ஒண்ணு சொல்லு, போதும்!"

அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி ஏதோ சொன்னாள். சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அடுத்த என்னவோ என்று கேட்டது. அடுத்த வருஷமா, அதற்கடுத்த வருஷமா தெரியவில்லை. பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

என் மனைவி மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னா? எப்ப வராளாம்?"

"அடுத்த வருஷம்," என்றேன்.

"நிச்சயமா சொன்னாளா?"

நான் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டேன். "சரியா அடுத்த வருஷம். அதுல இம்மிகூட மாற்றம் கிடையாது," என்றேன்.